ஊரணியில் இல்லாத ஏழு திட்டுகள்

சமூகத் தணிக்கை என்றால் என்னவென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். முடிந்துவிட்டதாகக் காகிதத்தில் இருக்கும் அரசாங்க வேலை நிஜமாகவே நடந்ததா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும். சொந்த ஊருக்கு மட்டும் போகக் கூடாது. நானும் நூறு நாள் வேலையில் மண் சுமந்தவள்தான். கையில் டேப்பும் கழுத்தில் அடையாள அட்டையும் வந்ததும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

முதலில் அனுப்பியது ராஜபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு. அங்கே ஊரணியை ஆழப்படுத்தியிருந்தார்கள். இப்படித் தோண்டும்போது நடுநடுவே சில இடங்களை வெட்டாமல் மண் திட்டாக விட்டுவைக்க வேண்டும். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதை அதை வைத்துத்தான் அளப்போம். பதிவேட்டில் ஏழு திட்டு என்று இருந்தது. நான் போய் நின்றபோது ஒன்றுகூட இல்லை. ஊரணி கழுவி வைத்த சட்டி மாதிரி இருந்தது.

“திட்டெல்லாம் எங்கக்கா?”

வேலை செய்த பெண்கள் கரையில் நின்றார்கள். ஒரு அக்கா சிரித்த முகத்தோடு சொன்னார்: “நேத்துத்தான் எல்லாருமாச் சேந்து வெட்டிச் சமமாக்குனோம் தாயி. வெளியாளுக பாக்க வாராகன்னு சொன்னாக. மேடு மேடாக் கெடந்தா, பாதி வேலையப் போட்டுட்டுப் போயிட்டாளுகன்னு நெனைக்க மாட்டாகளா?”

எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் வாசலைக் கூட்டுவோமே, அப்படிக் கூட்டிவிட்டார்களா? இல்லை, குறைவாகத் தோண்டிவிட்டு அது தெரியாமல் இருக்க அழித்துவிட்டார்களா? முகங்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது. முகத்தைப் பார்த்து நம்பாதே என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

“அளக்க முடியாதுக்கா. வேலை சரியா நடந்துருக்குன்னு நான் எழுத முடியாது.”

சிரிப்பு நின்றுவிட்டது. “அப்ப எங்க கூலியத் திருப்பிப் பிடிப்பாகளா?”

“யாரு காரணமோ அவுககிட்டக் கேப்பாக” என்று அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்லிவைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தினமும் வருகைப் பதிவு எடுத்து வேலையை மேற்பார்க்கும் பொறுப்பாளர் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். என்னைவிடச் சின்னப் பெண். ஊரணியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “என்னக்கா இப்பிடிப் பண்ணிப்புட்டீக?” என்று கத்தினாள். முந்தின நாள் முழுக்க அவள் மாமியாரோடு ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அன்றைக்கு அவளுக்குப் பதில் வேறொரு பெண்ணின் கையெழுத்து இருந்தது.

மறுநாள் கிராம சபையில், அளவைச் சரிபார்க்க முடியவில்லை என்று நான் எழுதியதைப் படித்தேன். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, “யார் சொல்லி வெட்டினீங்க?” என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பொறுப்பாளர் பெண் எழுந்தாள். “நாந்தான் சார் வெட்டச் சொன்னேன். அவுக மேல தப்பில்ல.”

வருகைப் பதிவேடு என் மடியில் இருந்தது. அதை விரித்துக் காட்டினால் அவள் அன்று அங்கே இல்லை என்பது தெரிந்துவிடும். பழி அந்தப் பெண்கள் தலையில் விழும். காட்டாவிட்டால் இவள் வேலை போகும். ஒருவேளை போனில் இவளே சொல்லியிருப்பாளோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அப்படியானால் ஊரணிக் கரையில் ஏன் அப்படிக் கத்தினாள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“எழுதிக்கோங்கம்மா” என்றார் அதிகாரி. எழுதினேன்.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் கையெழுத்து வாங்கப் போனேன். நான் எழுதியிருந்ததை ஒருமுறை படித்தாள்.

“அந்த நோட்ட நீங்க விரிக்காம இருந்தீகளே, ரொம்ப நல்லதுக்கா” என்றாள்.

அவள் மனசு தெரிந்து விரிக்காமல் இருந்தேனா, அதிகாரி முன்னால் வாய் வராமல் இருந்தேனா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். அடுத்த வாரமே அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.