கோலமாவில் போட்ட பிளான்

அம்மாவின் அடுப்படியை மாற்றிக் கட்டலாம் என்பது என் யோசனை. வெந்நீர் வைக்கப் போய்ப் பாத்திரத்தைக் கரியாக்கியவன் நான். சமையல்கட்டுக்குப் பிளான் போட எங்கள் குடும்பத்தில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்று எனக்கே தோன்றிவிட்டது.

காரணம் இருந்தது. அப்பா போன பிறகு கீழப்பழுவூர் வீட்டில் அம்மா தனியாக இருக்க, சென்னையிலிருக்கும் அண்ணன் ஒரே நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டான். "நீயே சமைச்சுச் சாப்பிடுற வரைக்கும் இங்க இரும்மா. முடியலன்னு ஆயிட்டா என்கூட வந்துடணும்." அம்மா சரி என்றாள். சென்னை என்றால் அவளுக்கு ஒன்பதாவது மாடி, எப்போதும் சாத்திய கதவு. போக அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் அடுப்பு மேடையோ முழங்கால் உயரம். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. மேடையை இடுப்பளவு உயர்த்திவிட்டால் இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை, பெரம்பலூரில் பஸ் ஏறி, டேப்பும் கட்டம் போட்ட நோட்டுமாகப் போய் இறங்கினேன். அம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அளப்பதற்காக அலமாரி டப்பாக்களை எல்லாம் இறக்கினேன். எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, பாதிக்கு மேல் ஒரே அளவு. அளந்து முடித்ததும் எனக்குப் பிடித்த வரிசையில் அழகாக அடுக்கிவைத்தேன். வீட்டு வேலையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று பெருமை வேறு.

மதியம் ரசம் இனித்தது.

"என்னம்மா, ரசம் பாயசமா வந்துருக்கு. யாருக்குக் கல்யாணம்?"

"உன் வாய்க்கு இனிப்பு போட்டாலாச்சும் நல்ல வார்த்த வருதான்னு பாத்தேன்," என்றாள். ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணனிடம் போனில் அதையே சொன்னேன். "அம்மா கை மாறிப்போச்சுண்ணே. ரசம் வச்சா பாயசம் ஆவுது." அவன் சிரிக்கவில்லை. "எத்தன நாளா?" என்று கேட்டான். கைதட்டல் வராத நாடகக்காரன் சத்தத்தைக் கூட்டுவதுபோல நான் இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்தார். என் பிளானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சார், அடுப்பு கதவுக்குப் பின்னாடி இருக்குங்களே. கதவத் தொறந்தா சட்டியில இடிக்கும்ங்க."

"காத்து வரட்டும்னுதான்."

"காத்து வந்தா அடுப்பு அணைஞ்சிடும்ங்க. தரையில கோடு போட்டுக் காட்டுங்க, பாப்போம்."

சுண்ணாம்புத்தூள் இல்லை. கோலமாவை எடுத்து, மேடை வரும் இடம், அலமாரி வரும் இடம் என்று தரையில் கோடு இழுத்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அம்மா வந்தாள். கோட்டின் மேலேயே மிதித்து நடந்தாள். சின்ன வயதில் வாசல் கோலத்தை மிதித்தோம் என்று அண்ணனையும் என்னையும் விளக்கமாற்றோடு தெருமுனை வரை துரத்தியவள். இப்போது அவள் பாதம் பட்ட இடமெல்லாம் அடுப்பு வரை வெள்ளைத் தடம்.

"நல்லாத்தான் போட்டுருக்க. அந்தக் கோட்டதான் கொஞ்சம் தள்ளிப் போடு," என்று சன்னல் பக்கம் கை காட்டினாள். சன்னல் பக்கம் கோடே இல்லை.

கொத்தனார் என்னைப் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வரேன் சார்," என்று வெளியே போனார். அப்புறம் வரவில்லை.

"அம்மா, என் கையில என்ன இருக்கு?"

"டேப்புதான்."

கோலமாவு டப்பா இருந்தது.

அம்மா மேடையைத் தடவி அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியுதுடா. மத்தது பூரா புகை."

"எத்தன நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியிலேருந்து. சொன்னா என்ன செய்வீங்க, கூட்டிட்டுப் போயிருவீங்க. இந்த அடுப்படி எனக்குக் கையிலயே இருக்கு. உப்பு சுவத்துலேருந்து ஒரு சாண். பக்கத்துல புளி. நேத்து நீதான் எல்லாத்தையும் கலச்சிட்ட." கோபமில்லாமல்தான் சொன்னாள். "பெரியவன்கிட்ட மட்டும் சொல்லிராத."

சொல்ல மாட்டேன் என்றேன். அண்ணனிடம் ரசக் கதையைத் தமாஷாகச் சொல்லி முடித்து ஒரு ராத்திரி ஆகியிருந்தது.

அந்த வாரமே திருச்சிக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரையால் போன பார்வை இனி வராது என்றார் கண் டாக்டர். அன்றைக்கே அண்ணன் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.

"ரசம் சும்மா தமாஷுக்குச் சொன்னதுண்ணே. டப்பாவ நான்தான் மாத்தி வச்சேன்."

"நீ எதத்தான் நெசமா சொல்லியிருக்க?" என்றான். நாற்பது வருஷமாக நான் சேர்த்துவைத்த பெயர் அது.

சனிக்கிழமை முழுக்க நானும் அம்மாவும் டப்பாக்களைப் பழைய இடத்தில் வைத்தோம். நான் திறந்து பெயர் சொல்லுவேன். அவள் சாண் போட்டு இடம் காட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய்க் குழம்பு. அண்ணன் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான். அவன் முகம் தளர்ந்தது. கை கழுவிவிட்டு வந்து போனை அம்மாவிடம் நீட்டினான். "பாரும்மா, உன் பேத்தி."

அம்மா வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "எப்படி வளந்துட்டா," என்றாள்.

திரை எப்போதோ அணைந்திருந்தது.

அண்ணன் என்னைத்தான் பார்த்தான். எந்த இடத்திலும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுகிற எனக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. அம்மாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டு, "துணிமணி எடுத்து வைக்கிறேன்," என்று எழுந்தாள்.

இப்போது மாதம் ஒரு தடவை போய் வீட்டைத் திறக்கிறேன். ஊர் வழியாகப் போகும் சிமெண்டு லாரிகளின் தூசி டப்பாக்களின் மேல் படிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் துடைத்து, சாண் போட்டு அதே இடத்தில் வைக்கிறேன். சென்னையில் அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. அது நியாயம்தான்.

போனில் எப்போதும் ஒரே கேள்விதான். "அடுப்படிய இடிச்சிட்டியாடா?"

"இல்லம்மா. டீ குடிக்கப் போன கொத்தனார் இன்னும் வரல."

முன்பெல்லாம் இதற்கு ஒரு திட்டு விழும். போன வாரம் யாரோ அவள் கையிலிருந்து போனை வாங்கி வைக்கும் சத்தம்தான் கேட்டது.