பத்து நாள் சீட்டு

அந்தச் சீட்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும். சைக்ளோஸ்டைல் மையில் மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் ஒரே வாக்கியம்: 'மேற்படி நாய் இன்று சுகமாக இருக்கிறது.' அதன் கீழே தேதி எழுத ஒரு கோடு, ஓரத்தில் எங்கள் பிராணி நலச் சங்கத்துச் செக்ரட்டரி அம்மாவின் பச்சை மைக் கையெழுத்து. பத்துச் சீட்டுகளைச் சேர்த்து மூலையில் குண்டூசி குத்தியிருப்பார்கள். ஆரியசாலையில் யாரையாவது நாய் கடித்துவிட்டால், அடுத்த பத்து நாளும் அந்த வீட்டுக்குத் தினம் ஒரு சீட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாங்கியவர்கள் அதைக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்பார்கள்.

அப்போதெல்லாம் நாய் கடித்தால் தெருவில் முதலில் நடப்பது, அந்த நாயை அடித்துக் கொல்வது. கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது அதற்குப் பிறகுதான். நாய் செத்துவிட்டால் அதற்கு வெறி இருந்ததா இல்லையா என்று அறிய வழியில்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டே ஆக வேண்டும். எங்கள் சங்கம் ஊருக்குச் சொன்னது ஒன்றுதான். நாயைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுங்கள், கூட்டில் அடைத்துப் பத்து நாள் பார்க்கிறோம். பத்து நாளும் நன்றாக இருந்தால் ஊசி வேண்டாம். நடுவில் செத்தாலோ நோய் கண்டாலோ அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். சின்னக் கடிக்கு டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆக, ஒரு வீடு ஊசி போடாமல் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவது அந்தச் சீட்டை நம்பித்தான்.

நான் நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. முடித்து, சாலை பஜாரில் அரிசி மண்டி வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான செக்ரட்டரி அம்மா ஒரு நாள் வீடு தேடி வந்து, "ஆரியசாலைத் தமிழ்க்காரங்க எங்கள நம்ப மாட்டேங்குது மோளே. நீ சொன்னா கேக்கும்" என்றார். அவ்வளவு பெரிய மனுஷி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது மறுக்கத் தோன்றவில்லை. உண்மையில் எனக்கு நாய் என்றால் பயம். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பயம் இரட்டிப்பாகியிருந்தது. பிராணிகள் மேல் இரக்கப்பட்டுப் போனேனா, காலையில் இரண்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்கலாம் என்று போனேனா என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சங்கத்தின் காப்பகம் கரமனை ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. ஊரில் அதற்குப் பட்டிக்கூடு என்று பெயர்; மலையாளத்தில் நாயைப் பட்டி என்பார்கள். கைவிடப்பட்ட வண்டி மாடுகள் முன்பக்கம், பத்து நாள் நாய்கள் பின்பக்கக் கூடுகளில். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஒரே ஆள். எங்களுக்கு அவர் கூட்டுக்காரர். விழிஞ்ஞத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தோள்பட்டை இறங்கியதால் கரைக்கு வந்துவிட்டார். நான் சீட்டு எழுதுவதைப் பார்த்து முதல் நாளே என்னை டீச்சராக்கிவிட்டார். திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் வந்ததும் நாயை என் முன்னால் நிறுத்தி மாணவனைப் பற்றிப் புகார் சொல்வதுபோல் ஆரம்பிப்பார்.

"டீச்சரே, இவன் பத்து திவசம் ரிமாண்டுல்லே. ஆனா சேட்டை குறையல்ல. கஞ்சி மொத்தம் குடிச்சான். என் முண்டுல மூத்திரம் போனான். பாஸ் போடுங்க."

"கடிச்ச நாயோட இவ்வளவு கொஞ்சலா?"

"கடிச்சது அவன் தொழில். எனக்கென்ன கோபம்? சுறா கடிச்சா நாம கடலுக்குக் கேஸ் கொடுக்குமோ?"

நான் சிரித்துக்கொண்டே தேதி எழுதுவேன். நாயை நேரில் பார்த்த பிறகே தேதி எழுத வேண்டும் என்பது விதி. செக்ரட்டரி அம்மாவால் தினமும் வர முடியாது என்பதால் பத்துச் சீட்டிலும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். அதில் எனக்கு எந்தத் தவறும் அப்போது தெரியவில்லை. என்னை அவ்வளவு நம்புகிறார்களே என்று பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பாத்திரக்கடை அண்ணாச்சி வீடு. ஒரு நாள் அவருடைய ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்த சின்னக் காயம். நான் சத்தம் கேட்டு ஓடியபோது நாயைச் சுவரோரம் மடக்கி, சுமை தூக்குகிறவர்கள் கம்பியோடு நின்றிருந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு துணிச்சலான காரியத்தை அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

"விலகுங்கம்மா, பேப்பட்டியா இருந்தா ஒங்களையும் கடிக்கும்" என்றான் ஒருவன்.

"கொன்னுட்டா எப்படித் தெரியும் வெறிநாயா இல்லையான்னு? அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. பத்து நாள் வச்சுப் பாப்பாங்க. நானே தெனமும் சீட்டு கொண்டாந்து தாறேன்."

அண்ணாச்சி மகளைத் தோளில் போட்டபடி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுதியேன்னு விடுதேன்" என்றார். பிறகு கம்பிக்காரர்களிடம், "படிச்ச பொம்பள சொல்லுதா, விடுங்கடே."

முதல் மூன்று நாளும் போனேன், பார்த்தேன், எழுதினேன். நாய் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. நான்காம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. வலிப்பு வந்துவிடுமோ என்று மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். காப்பகத்துக்குப் போகவில்லை. ஆனால் சீட்டுகள் என்னிடம்தான் இருந்தன, கையெழுத்தோடு. சீட்டு போகாவிட்டால் மூன்று வீடு தள்ளி ஒரு தாய் என்ன பாடுபடுவாள் என்று நினைத்தேன். நாய்க்கு ஏதாவது ஆகியிருந்தால் ஆள் அனுப்பியிருப்பார்களே என்றும் நினைத்தேன். தேதி எழுதி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறாம் நாளும் அப்படியே. இரக்கத்தால் செய்தேன் என்றுதான் அப்போது நம்பினேன்.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. காப்பகத்துக்குப் போனேன். அந்தக் கூட்டில் பிளீச்சிங் பவுடர் வாடை மட்டும் இருந்தது.

"மண்ணுக்குள்ள ஆயிட்டான் டீச்சரே" என்றார் கூட்டுக்காரர். "முந்தாநாளு காலையில. அதுக்கு முந்தின திவசமே வாய மூட முடியல்ல. தாடை தொங்கிப் போச்சு. எச்சில் ஒழுகிட்டே இருந்தது. குடிக்க வெள்ளம் வச்சா முகத்த அதுக்குள்ள முக்குவான், இறங்காது. எலும்பு சிக்கிருச்சுன்னு நினைச்சேன். பாவம்லே. கைய உள்ள விட்டுத் தேடினேன். ஒண்ணும் இல்ல."

வலது கையை நீட்டிக் காட்டினார். விரல் முட்டியில் பல் உரசிய இரண்டு கோடுகள், காய்ந்து கறுத்திருந்தன. "இது சாரமில்லல்லே? ஒண்ணும் ஆகாதுல்லே?" என்றார்.

"சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?"

"டெட்டால் ஊத்தினேன்."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. என் தலைக்குள் அப்போது அண்ணாச்சி வீட்டுக் காலண்டரும் அதில் குத்தியிருந்த மூன்று பொய்ச் சீட்டுகளும் மட்டுமே இருந்தன. "ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன். "செக்ரட்டரி அம்மாட்ட அப்பவே சொல்லியாச்சே" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

நேரே செக்ரட்டரி அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் பதறவில்லை. என்னை உட்கார வைத்து, காபி கொடுக்கச் சொன்னார்.

"எலும்பு சிக்கிச் செத்த பட்டிக்காக ஆரியசாலைய முழுக்கப் பேடிப்பிக்கணுமா, பயம் காட்டணுமா மோளே?"

"எலும்பு இல்லன்னு அவர் சொல்றாரேம்மா."

"உள்ள இறங்கிப் போயிருக்கும். இதக் கேட்டோ. நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் பட்டியத் தரமாட்டான். பழையபடி கம்பியெடுக்கும். எத்தற வருஷம் அலைஞ்சு உண்டாக்கின விஸ்வாசம் இது. இனி மூணு நாலு திவசம். எழுதிக் குடு." பிறகு குரலை உயர்த்தாமலே, "நீயும் மூணு திவசம் வராமலே எழுதினாயல்லே? அத அவங்ககிட்ட எப்படிச் சொல்லுவே?" என்றார்.

நான் வீட்டுக்கு வந்தேன். ஏழாம் சீட்டில் தேதி எழுதினேன். செத்துப் புதைத்த நாய் சுகமாக இருக்கிறது என்று தெரிந்தே எழுதினேன்.

மறுநாள் காலை எட்டாம் சீட்டோடு போனேன். அண்ணாச்சியின் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், கையில் மாவோடு ஓடிவந்து வாங்கினார். "ஒன் எழுத்தப் பாத்தாத்தான் பிள்ளே எனக்குச் சோறு எறங்குது" என்றார். உள்ளே அந்தச் சிறுமி பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொள்ள முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை சீட்டு பொய் என்பதையும் சொன்னேன்.

மதினி மாவுக் கையோடு உள்ளே ஓடி மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அண்ணாச்சிதான் வந்து, ஆணியிலிருந்து சீட்டுகளை உருவி, எண்ணி, என் கையில் திணித்தார். "ஒங்க பிள்ளையா இருந்தா எழுதியிருப்பியளா?" என்றார்.

பதினான்கு நாளும் காலையில் அந்தச் சிறுமியை ரிக்ஷாவில் ஏற்றும்போது தெருவே கேட்கும்படி அலறுவாள். என் வீட்டு வாசலைத் தாண்டும்போது அந்த அலறல் கூடும், அல்லது எனக்கு அப்படித் தோன்றும். அவள் பிழைத்துக்கொண்டாள். நாய்கள்தான் பிழைக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் கடித்தது, கடிக்காதது, குட்டி போட்டது என்று பார்க்காமல் சாலை பஜார் சந்துகளில் அடித்துச் சாக்கில் கட்டினார்கள். செக்ரட்டரி அம்மா சொன்னது அப்படியே நடந்தது. கடைகளில் எங்கள் சீட்டு கேலிப் பொருளாகிவிட்டது. அரிசியில் வண்டு இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "சொகமா இருக்கு, சீட்டு வேணுமா?" என்று என் கணவரிடமே சொல்லிச் சிரித்தார்கள். நான் காப்பகத்துக்குப் போவதை நிறுத்தினேன். உண்மையைச் சொன்னவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு எண்ணம் இருந்தது. அது ஒரு ஆறுதல்.

அந்த ஆறுதல் ஒன்றரை மாதம் நீடித்தது. ஒரு மத்தியானம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, கறுப்பு ரவிக்கை போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். "ஆரியசாலை டீச்சர் நீங்கதானே?" என்றார். கூட்டுக்காரரின் மனைவி.

கூட்டுக்காரர் செத்து நான்கு நாள் ஆகியிருந்தது. முதலில் கை மரத்துப்போனதாம். பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொண்டதாம். கடலில் பிறந்து வளர்ந்த மனுஷன், ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீரைப் பார்த்து அலறினாராம். அவருடைய வீட்டுப் பக்கத்தில் ஏதோ தெருநாய் கடித்திருக்கும் என்று சங்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. ஒரு சிறுமிக்குப் போட்ட ஊசி ஊரின் நம்பிக்கையை உடைத்தது. இந்த மனிதரின் சாவைப் பற்றி ஊரில் ஒரு பேச்சுகூட எழவில்லை.

"நான் அப்பவே ஊசி போடச் சொன்னேன். கையக் காட்டி, டீச்சர் நோக்கியாச்சு, சரின்னு சொல்லியாச்சு, படிச்சவங்கல்லே, ஆபத்து உண்டெங்கில் சொல்லியிருப்பாங்கன்னு சொன்னார்." அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்க வந்தது வேறு. "அவர் எச்சில் எல்லாம் நான்தான் துடைச்சது. எனக்கும் பதினாலு ஊசி வேணும்னு ஆஸ்பத்திரியில சொல்லுது. வேண்டாம்னு வீட்டுல சொல்லுது. நீங்க சொல்லுங்க டீச்சரே. நீங்க சொன்னா மதி, அது போதும்."

"போடுங்க. இன்னைக்கே போடுங்க" என்றேன். கை கழுவாமல் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவருடன் கிளம்பினேன். பதினான்கு நாளும் கூடவே போனேன். கடைசி ஊசி போட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தச் 'சரி'யைப் பற்றிச் சொல்ல எனக்குப் பதினான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை.

ஆறு வருடங்கள் ஆகிவிட்டன. என் மகளுக்கு இப்போது அந்தச் சிறுமியின் அன்றைய வயது தாண்டிவிட்டது. கூட்டுக்காரரின் மனைவி இன்னும் வருகிறார். ரேஷன் கார்டு விண்ணப்பம், மகனின் பள்ளிக்கூடச் சான்றிதழ், கோர்ட் நோட்டீஸ் என்று எதுவானாலும் என்னிடம்தான் கொண்டு வருவார். போன மாதம் பேரனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடும் இருமல் மருந்துப் பாட்டிலோடும் வந்தார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சீட்டை மூன்று தடவை படித்தேன். பாட்டிலைப் படித்தேன். மறுபடி சீட்டைப் படித்தேன். எதற்கும் டாக்டரிடமே போய் இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள் என்று சொல்லி, பஸ் ஏற்றிவிடக் கிளம்பினேன்.

அவர் சிரித்தார். "ஒரு ஸ்பூன் மருந்துக்கு டீச்சருக்கு எதுக்கு இத்தற பேடி?" என்றார்.