கதிரைகள் எல்லாம் விற்றுப்போன நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வெயில் இன்னும் விடாத ஒரு மார்ச் மாத ஞாயிறு பின்னேரம். இடம், சிட்னியில் மரிக்வில் பக்கம் ஒரு பப்பின் பின்னறை. அதற்கு முன் நான் எந்தப் பப்பின் வாசலையும் மிதித்ததில்லை. அன்றைக்கு மிதித்தேன். மிதித்து ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சிட்னியின் மேற்குப் பக்கம், டூங்கபியில் இருக்கிறோம். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். போன் பேசுவதுதான் என் வேலை, என் பொழுதுபோக்கும் அதுதான். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றாலும், மண்டபம் நிரம்புமா என்ற பயம் வந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். ஐந்நூறு கதிரை என்றாலும் இரண்டு வார இறுதியில் நிரப்பித் தருவேன். "நான் உங்கட பிள்ளைக்கு வந்தனான், நீங்கள் இதுக்கு வரவேணும்" என்று ஆளாளுக்கு ஞாபகப்படுத்தினால் போதும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எனக்கு ஒரே மகள். பத்து வருடம் கர்நாடக சங்கீத வகுப்புக்குக் காரில் ஏற்றி இறக்கினேன். அவள் கடைசியில் பிடித்துக்கொண்டது சோல், புளூஸ் என்கிற மேற்கத்தியப் பாட்டுகளை. கம்பனி எதுவும் பின்னால் இல்லை. பாட்டை எழுதுவது, சிநேகிதியின் கராஜில் பதிவு செய்வது, இணையத்தில் போடுவது, அறை பிடிப்பது, போஸ்டர் ஒட்டுவது, ஸ்பீக்கரைத் தூக்குவது எல்லாம் அவளே. இப்படிப் பாடுகிறவர்களை இன்டிபென்டன்ட் என்பார்களாம். என் கண்ணுக்கு அது கேட்பாரற்ற பிழைப்பாகத்தான் பட்டது. வாரத்தில் மூன்று நாள் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்தாள். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அந்த மூன்று நாளை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

அந்த ஞாயிறுக்கு முந்திய மாதம் அவள் ஒரு செய்தியோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு பெரிய இசைக்குழு ஆறு நகரங்களுக்குப் பயணம் போகிறது. அவர்களுக்கு முன்னால் மேடையேறிப் பாட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தெரிவு செய்கிற பெண் என் மகளின் நிகழ்ச்சியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஏழு வருடமாக இப்படி ஒன்றுக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"அவ பாட்டை மட்டும் பாக்க மாட்டா அம்மா. எனக்கெண்டு ஆட்கள் வருகினமா எண்டும் பாப்பா" என்றாள்.

அறையில் தொண்ணூறு கதிரை. இரண்டு வாரம் இருக்கும்போது விற்றிருந்தது இருபத்திரண்டு. அவள் சோற்றைப் பிசைந்தபடி இருந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போனதும் போனை எடுத்தேன்.

மூன்று நாளில் மீதி அறுபத்தெட்டும் முடிந்தது. எனக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் அரங்கேற்றத்துக்குச் சொல்லாத ஒரு வசனத்தை இந்தத் தடவை ஒவ்வொருவரிடமும் சேர்த்துச் சொன்னேன். "அது பார் மாதிரி ஒரு இடம், குடிக்கிற ஆட்கள் வருவினம். நீங்கள் வந்து கஷ்டப்பட வேண்டாம். டிக்கெட்டை மட்டும் எடுத்து விடுங்கோ, அதுவே காணும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் என்று சத்தியம் செய்திருப்பேன். உண்மை வேறு. என் பிள்ளை வெல்லவும் வேண்டும், அவள் பாரில் நின்று பாடுவதை எங்கள் ஆட்கள் பார்க்கவும் கூடாது. இரண்டையும் ஒரே போனில் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கதிரைகள் வெறுமையாக இருக்குமே என்று தோன்றாமல் இல்லை. பப்பில்தான் எப்போதும் ஆட்கள் இருப்பார்களே, சும்மா வந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன்.

மகள் ரயிலில் இருந்து போன் எடுத்தாள். "அம்மா, சோல்ட் அவுட்! என்ர வாழ்க்கையில முதல் தரம்!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் ஆச்சரியப்பட்டது போல நடித்தேன். நன்றாகவே நடித்தேன். அவள் அன்றைக்கே விளம்பரத்தை நிறுத்திவிட்டாள். பிறகு டிக்கெட் கேட்டவர்களுக்கெல்லாம், மன்னியுங்கள், முடிந்துவிட்டது என்று பதில் போட்டிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நாலரைக்குப் பாட்டு. நாங்கள் நாலு மணிக்குப் போனோம். கணவர் என்னை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனார். கதவில் மகளின் போஸ்டர். அதன் குறுக்கே சிவப்பு எழுத்தில் டிக்கெட்டுகள் முடிந்துவிட்டன என்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு உள்ளே போனேன்.

பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணினேன், பன்னிரண்டுதான். மேடையை நோக்கி வரிசை வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் அவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை முழுக்கக் காலி. அந்தக் காலிக் கதிரைகளில் யார் யார் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

வாசலில் பட்டியலோடு நின்ற பெண் மூன்று இளைஞர்களிடம் கையை விரித்துக்கொண்டிருந்தாள். இடமில்லையாம். அவர்கள் கதவு வழியாக வெற்று அறையை எட்டிப் பார்த்துவிட்டு, விளங்காமல் திரும்பிப் போனார்கள். சும்மா வந்து உட்காருவார்கள் என்று நான் நினைத்த ஆட்கள் அவர்கள்தான்.

மகளைத் தேடிப் பின்பக்கம் போனேன். பியர் பீப்பாய்கள் அடுக்கிய ஒரு சின்ன அறை. ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் ஸ்ட்ரோ வைத்து, அதில் குரலை ஊதிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தாள். குரலைப் பதமாக்குகிற பயிற்சியாம். என்னைக் கண்டதும் நிறுத்தினாள்.

"ஏனம்மா ஒருத்தரையும் காணேல்ல? இண்டைக்கு ரயில் பாதையில வேலையா? ரயில் ஓடேல்லையா?"

அவளே எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டாள். நான் அதற்குள் புகுந்துகொண்டேன். ஓம், ரயில் இல்லைப் போல, வந்துவிடுவார்கள் என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்த டிக்கெட்டுகளை விற்றது நான், அவர்கள் வரமாட்டார்கள், இனி வருபவர்களை உள்ளே விடு என்று கெஞ்சினேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். ஆனால் இந்த அறைக்கு அனுமதி தொண்ணூறு பேருக்குத்தான், டிக்கெட் எடுத்தவர்கள் பிறகு வந்தால் தன் தலை போகும் என்றாள். அறையை வாடகைக்கு எடுத்த ஆள் சொன்னால் விடலாம். எடுத்தது யார்? என் மகள்.

நாலு மணி பன்னிரண்டு நிமிடம். மேடைக்குப் போகப்போகிற பிள்ளையிடம் இதைச் சொன்னால் அவள் குரல் உடையும். சொல்லாவிட்டால் பயணத்துக்கு ஆள் தெரிவு செய்கிற அந்தப் பெண் வந்து பன்னிரண்டு தலையைப் பார்ப்பாள். எந்தப் பக்கம் போனாலும் அடி அவளுக்குத்தான். அந்த நீளமில்லாத நடையில் எத்தனை தரம் நின்றேன் என்று சொல்லமுடியாது.

சொன்னேன். நான்தான் போன் பண்ணி விற்றேன், நம்முடைய ஆட்கள்தான் வாங்கினார்கள், அவர்களுக்கு வர வசதிப்படவில்லை. அந்தக் கடைசித் துண்டை அப்படித்தான் சொன்னேன். வசதிப்படவில்லையாம்!

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். போனில் டிக்கெட் பட்டியலைத் திறந்து, விரலால் மெல்ல மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முழுப்பெயர்களாக இருந்ததால் அவள் அதுவரை கவனிக்கவில்லை. அவளுக்கு அவர்கள் எல்லாரும் அன்ரியும் அங்கிளும்தானே.

"உண்மையா வாங்கினது எத்தினை பேர்?"

"இருபத்திரண்டு."

அவள் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். கதவைத் திறந்து விடச் சொன்னாள். சிவப்பு எழுத்துத் தாளைத் தன் கையாலேயே கிழித்தாள். இடம் இருக்கிறது, உடனே வாருங்கள் என்று இணையத்தில் நாலு வரி போட்டாள். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் நடந்தது. என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

அப்போது பார்த்து எங்கள் தெருவில் இருக்கிற அன்ரி ஒருவர், பட்டுச்சேலையோடு, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். ஏதோ பிறந்தநாள் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். என் அறுபத்தெட்டில் அவர் ஒருவர். அவருடைய வாயை எப்படிப் பொத்துவது என்று யோசிப்பதற்குள் அவர் மகளின் கையைப் பிடித்துவிட்டார்.

"பிள்ளை, உங்கட அம்மா, 'அது பார் தானே, வரத் தேவையில்லை, டிக்கெட் எடுத்தாக் காணும்' எண்டவ. எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னவவாம். எனக்கு உங்கட பாட்டைக் கேக்க விருப்பம், அதான் வெளிக்கிட்டு வந்தனான். இருக்கலாம்தானே?"

மகள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நீங்களா வர வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

"ஓகே அம்மா" என்றாள். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நாலரைக்கு அறையில் நாற்பது பேர் வரை சேர்ந்திருந்தார்கள். பயணப் பெண் பின்சுவரோடு சாய்ந்து நின்றாள். யாரும் சொல்லாமலே அவளைத் தெரிந்தது. அவள்தான் மேடையைப் பார்க்காமல் கதிரைகளைப் பார்த்தாள்.

மகள் மைக்கின் முன்னால் வந்து ஆங்கிலத்தில் பேசினாள். இந்த நிகழ்ச்சி விற்றுத் தீர்ந்தது என்று சொல்லியிருந்தேன், அது உண்மையில்லை என்று தொடங்கினாள். எனக்கு உயிர் போய்விட்டது. கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். கதிரைகளை எல்லாம் என் அம்மா விற்றுவிட்டார், அவர் என் பாட்டைக் கேட்க வருவது இதுதான் முதல் தடவை, அதோ இருக்கிறார் என்றாள். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

பிறகு பாடினாள். முதல் வரியில் குரல் ஒரு இடத்தில் பிசிறியது. என்னால்தான் என்று நினைத்தேன். ஆனால் அவள் அதை மறைக்கவில்லை, அந்தப் பிசிறிலேயே இன்னும் கொஞ்சம் நின்று, அதை இழுத்து மேலே கொண்டுபோனாள். பின்னால் யாரோ ஒருவர் தன்னை மறந்து "ஆ" என்றார். என் பிள்ளையின் தொண்டைக்குள் இவ்வளவு இருந்ததா? ஏழு வருடம் இதை யார் யாரோ கேட்டிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை. முன்வரிசையில் அந்த அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இரண்டாவது பாட்டில் கணவர் வந்து சேர்ந்தார். கார் நிறுத்த அப்போதுதான் இடம் கிடைத்ததாம். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். மேடையைக் கையால் காட்டினேன்.

நாலாவது பாட்டு முடியும்போது திரும்பிப் பார்த்தேன். பின்சுவரோடு யாரும் இல்லை.

அந்தப் பயணம் வேறொருவருக்குப் போனது. கதிரைகள் காரணமா, பாட்டுக் காரணமா, அல்லது முன்பே முடிவு செய்துவிட்டார்களா? யாரும் சொல்லவில்லை. காரணம் நீங்கள் இல்லை என்று மகள் ஒரு நாள் சொன்னாள். எனக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை வேலையிடத்துக்கு அவளிடமிருந்து போன். அடுத்த நிகழ்ச்சிக்கு முப்பத்தொரு டிக்கெட் போயிருக்கிறதாம்.

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் சிரித்தாள். அன்றைக்கு ரயிலில் இருந்து சிரித்த அதே சிரிப்பு. நான் அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் சொந்தப் பெயரில், முப்பத்திரண்டாவது டிக்கெட்டை எடுத்தேன். அந்த அன்ரிக்கும் போன் பண்ணினேன். டிக்கெட் எடுக்கச் சொல்லவில்லை, நான் போகிறேன், நீங்களும் வாறீங்களா என்று மட்டும் கேட்டேன். இப்போது மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், பாடுகிறாள் என்றுதான் முதலில் சொல்கிறேன். ஆனாலும் முப்பத்தொன்று என்று அவள் சொன்னபோது குரலில் இருந்த அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம், அவளுக்கு முதல் தரம் அது பொய்யாகக் கிடைத்ததற்கு நான்தான் காரணம் என்பது என் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருக்கிறது.