வெடிக்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள்

1978, ஆனி மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவி ருக்மணியும் செட்டிகுளத்தில் மலை ஏறினோம். நாகப்பட்டினத்திலிருந்து முந்தின நாளே கிளம்பி, திருச்சியில் தங்கி, ஆலத்தூர் கேட்டில் பஸ் மாறி வந்திருந்தோம். முந்தின ஐப்பசிப் புயலில் எங்கள் வீட்டு ஓடு ஒன்றுகூட மிச்சமில்லை. உயிர் மட்டும் தப்பியது. அன்று நேர்ந்துகொண்டதை முருகனுக்குச் செலுத்திவிட்டு இறங்கினோம்.

இரண்டாவது வேலை ரெட்டிபாளையத்தில். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் ருக்மணியின் அண்ணன் கோவிந்தசாமி எங்களுக்காக ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார். பிடித்துவிட்டால் கடற்கரையை விட்டே வந்துவிடுவது என்று முடிவு. எனக்குத் தையல் தொழில். மிஷினை எங்கே போட்டாலும் ஓடும். 'ருக்மணிக்குக் கடல் சத்தம் கேட்டாலே நடுக்கம், அவளுக்காகத்தான்' என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். அவளும் மறுத்துப் பேசவில்லை.

பத்து மணிக்குப் பெரம்பலூரில் அரியலூர் பஸ் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு ஒன்று அறுபது. பக்கத்தில் சின்ன வெங்காய மூட்டையோடு ஒரு விவசாயி.

"எந்த ஊருங்க?"

"நாகப்பட்டினம்."

"புயல் அடிச்ச ஊரா? இங்க மழைக்கே வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குறோம். அடுத்த தடவ கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி விடுங்களேன்!"

சிரித்தேன். பிறகு விடுவேனா? எங்கள் பக்கத்தில் வயதையே புயலை வைத்துத்தான் சொல்வார்கள் என்றேன். என் அப்பா ஒரு புயலுக்கு மறுநாள் பிறந்தவர். என் தங்கை தனுஷ்கோடி அழிந்த வருஷம் வயசுக்கு வந்தவள். துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது என்று பார்த்துத்தான் கல்யாணப் பந்தலே போடுவோம். சித்தப்பா ரங்கூனில் பார்த்த பூகம்பத்தையும் சேர்த்துச் சொன்னேன். தரை ஆடினால் யோசிக்காதே, வெட்டவெளிக்கு ஓடு என்பது அவர் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னது. ருக்மணி ஜன்னல் வழியாகக் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் ஐந்தாறு மைல். சாலையோரத்து வேலிக்கருவையெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. கோவிந்தசாமியின் வீட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. அவர் மனைவி தனம் வாசலிலேயே அவசரப்படுத்தினாள்.

"வாங்கண்ணே, கையக் கழுவுங்க. ஒரு மணிக்குச் சொரங்கத்துல வெடி வைப்பாங்க. வெடிக்கு முன்னால சாப்பிட்டுடுங்க."

வெடி என்றால் சத்தம்தானே என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். ரசத்துக்கு வந்தபோது சுரங்கத்தில் சங்கு ஊதியது. தனம் அலமாரியிலிருந்த பித்தளைச் செம்புகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்தாள். சாதப் பானையை மூடினாள். தண்ணீர்ச் சொம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி இலைக்குக் கீழே தரை குலுங்கியது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

ரசக் கையோடு நடுத்தெருவில் நின்றுகொண்டு, "பூகம்பம்! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன்.

ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர், கத்தியை எடுத்துப் பிடித்துக் குலுக்கல் நிற்கும்வரை காத்திருந்து, மீண்டும் கன்னத்தில் வைத்தார். உள்ளே போனால் ருக்மணி மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ பயப்படலையா?"

"நீங்க ஓடுன ஓட்டத்துல எனக்கு எங்க பயப்பட நேரம்?"

தனம் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மோரை வாசற்படியில் உட்கார்ந்துதான் குடித்தேன்.

மூன்று மணிக்குக் கோவிந்தசாமி வேலை முடிந்து வந்ததும் வாடகை வீட்டைப் பார்த்தோம். இரண்டு அறை, தனிக் கிணறு. கிணற்றுக் கல்லில் புதைந்திருந்த ஒரு சிப்பியைக் கோவிந்தசாமி பெருமையாகக் காட்டினார்.

"ஒரு காலத்துல இங்கயும் கடல்தானாம் மாப்ள."

அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் ருக்மணி அந்தச் சிப்பியைத் தடவிப் பார்த்தாள்.

"வூடு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. பயம் எனக்கா, உங்களுக்கா?"

நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

"புயல் அன்னிக்கு விடியிற வரைக்கும் நடுங்குனது நீங்க. வெளிய சொல்லச் சங்கடப்படுறீங்கன்னுதான் நானே பயந்தவளா இருந்துட்டுப் போறேன்னு விட்டேன். நெசத்துல, அலச் சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க."

எட்டு மாதம் என் பயத்தை அவள் சுமந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள்மேல் அதுவரை இல்லாத அன்பும் வந்தது.

ஐந்து மணிக்கு அரியலூர் பஸ் நிலையத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் நின்ற கோவிந்தசாமி கேட்டார்.

"வூட்டுக்காரருக்கு என்னன்னு சொல்லட்டும் மாப்ள?"

"உங்க தங்கச்சிக்கு..." என்று பழக்கத்தில் தொடங்கிவிட்டு நிறுத்தினேன். "இல்ல மச்சான். பயம் எனக்குத்தான், அவளுக்கு இல்ல. நாங்க எங்க ஊர்லயே இருந்துக்குறோம்."

பஸ்ஸில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்படியொரு நிம்மதி. கோவிந்தசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அந்த வெடின்னா இன்னிக்கு வரைக்கும் ஒதறுது மாப்ள. பத்து வருஷமாச்சு. தனத்துக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."