வேனுக்குள் எரிந்த விளக்கு

எங்கள் டிரைவர் காதர் அண்ணனின் வேலை போனதற்குக் காரணம் நான்.

இன்று பேரனின் பழைய வேனில் தினமும் பேட்டரி வற்றுவது ஏனென்று மெக்கானிக் தேடியபோது, பேட்டரியின் அமில வாடை மூக்கில் ஏறி, அந்தப் பழைய நாளை நினைவூட்டியது.

1940களில், நான் சிறுவனாக இருந்தபோது, மாதுங்காவில் அப்பாவின் சரக்கு வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கூரை விளக்கைப் போட்டுக் கதைப் புத்தகம் படிப்பேன். அணைக்க மறந்துவிடுவேன். காலையில் வண்டி கிளம்பாது.

"ஏன்டா காதர், பேட்டரியைக் கல்யாண மைக்செட்டுக்கு வாடகைக்கு விட்டியோ?" என்று அப்பா அவரைத் துரத்தினார். நான் பக்கத்திலேயே நின்றேன்; வாய் திறக்கவில்லை.

நான் வளர்ந்து வேலையில் சேர்ந்தபின் தாராவியில் அவரைத் தேடிப்போய் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் தம்பி. காலைல வெளக்க அணைச்சதே நாந்தான். மொதலாளி புள்ளயச் சொன்னா யாரு நம்புவா?"

அன்றே அப்பாவிடம் சொன்னேன்.

"இப்போ எதுக்குடா அதெல்லாம்?" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.