பஸ்ஸில் ஊதிய புது விசில்

இன்று திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத்துக்குப் புது விசில் வாங்கினேன். நான் ட்ரில் மாஸ்டர். ஊதிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அகரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு தடவை ஊதினேன்.

இரண்டு விசில் என்றால் 'போலாம்' அல்லவா? பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் கீழே பூக்கூடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

நிறுத்தச் சொல்லி எல்லோரும் கத்தினோம்.

"தினம் இப்படித்தான் கத்துறீங்க. கண்டக்டர் ஒரு விசில் கொடுக்கட்டும், நிப்பாட்டுறேன்" என்றார் டிரைவர், திரும்பியே பார்க்காமல்.

ஒரு விசில்தானே? ஊதினேன். பதற்றத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் பிழைத்தோம். ஓடிவந்த கண்டக்டர் என் கையிலிருந்த விசிலைப் பார்த்து மூச்சிரைக்கக் கேட்டார்: "ஏன் சார், ரெண்டு ஊதத் தெரியுது, ஒண்ணு ஊதத் தெரியாதா?"

பஸ்ஸே சிரித்தது.

அதில் என் மாணவர்கள் யாரும் இல்லை என்று யாராவது சொல்லுங்களேன்.