லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள்

பொள்ளாச்சியில் நான் ஸ்டுடியோ வைத்து இருபது வருடம் ஆகப் போகிறது. பெரும்பாலும் கல்யாண வீடியோதான். ஒரு கல்யாணம் முடிந்ததும் கேமராவின் மெமரி கார்டில் இருப்பதை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றுவேன். ஒன்று ஸ்டுடியோ அலமாரியில் இருக்கும், இன்னொன்று வீட்டு பீரோவில். இரண்டிலும் ஏறிவிட்டதைப் பார்த்த பிறகுதான் கார்டை அழிப்பேன். அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு வேண்டுமே.

டிஸ்க்குகளை எல்லாம் என் நண்பனிடம்தான் வாங்குவேன். அவன் கோவையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பாலிடெக்னிக்கில் நாங்கள் ஒரே பெஞ்ச், ஹாஸ்டலில் ஒரே அறை. என் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து பந்தல் வேலை பார்த்தவன். வேறு கடையில் டிஸ்க் என்ன விலை என்று நான் கேட்டதுகூடக் கிடையாது.

நேரில் போக முடியாதபோது கூரியரில் அனுப்பிவைப்பான். அவன் டிஸ்க்கைப் பொட்டலம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் வெள்ளி நிற உறை. அதன் மேல் பபுள் ஷீட் மூன்று சுற்று. பிறகு ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அதைப் பெரிய பெட்டிக்குள் இறக்கி நான்கு பக்கமும் ஸ்பாஞ்ச் திணிப்பான். கடைசியில் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பான். உள்ளே லேசாக அசைந்தாலும் மொத்தத்தையும் பிரித்து மறுபடி கட்டுவான். "ஆடுச்சுன்னா அனுப்பக் கூடாது மாப்ள" என்பான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தங்கள். கையில் இருந்த டிஸ்க்குகள் நிறைந்துவிட்டன. தாராபுரத்தில் ஒரு பெரிய கல்யாணம் வரவிருந்தது. நண்பனுக்குப் போன் செய்து இரண்டு டிஸ்க் அவசரமாக வேண்டும் என்றேன். "நாளைக்கே அனுப்பிச்சு வுடறேன்" என்றான். சொன்னபடியே வந்தது. பெட்டியில் ஒரு மூலைகூட நசுங்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

தாராபுரம் கல்யாணத்தை இரண்டு நாள் எடுத்தோம். பெண்ணின் அப்பாவுக்கு அப்போதே உடம்பு சரியில்லை. இருந்தாலும் ஒவ்வொரு சீருக்கும் நாற்காலியைத் தூக்கிப் போடச் சொல்லி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். மாப்பிள்ளையும் அவர் தங்கையும் சேர்ந்து செய்யும் இணைச்சீரின்போது யாரோ சொன்ன கேலிக்கு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதை நானே கிட்டத்தில் போய் எடுத்தேன். நல்ல ஷாட் என்று அப்போதே தோன்றியது. வழக்கம்போல இரண்டு புது டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டுக் கார்டை அழித்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்டுடியோ டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. பதறிப்போய் வீட்டுக்கு ஓடி பீரோவில் இருந்ததைக் கொண்டுவந்தேன். அது திறந்தது. காப்பி எடுக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

நண்பனுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கூரியர்க்காரன் கீழ போட்டிருப்பான் மாப்ள. ரெண்டும் ஒரே பொட்டலத்துல வந்துதான? நீ போய் நல்லாக் கேளு. உட்றாத" என்றான்.

நான் போனேன். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் எனக்குப் பல வருடப் பழக்கம். பார்சல் வந்தால் ஸ்டுடியோவுக்கு அவரே போன் செய்வார். அன்று ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பேசக் கூடாததெல்லாம் பேசினேன்.

"ஏனுங்க, பெட்டி சும்மா கல்லாட்டம் இருந்துச்சுங்க. நீங்களே பாத்துத்தானுங்க கையெழுத்துப் போட்டீங்க" என்றார்.

"உள்ள என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கீழ உழுந்திருந்தா பெட்டி காட்டிக் குடுத்திருக்குமுங்க."

அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு உறைக்கவில்லை. நண்பன் கட்டிய பொட்டலத்தைச் சுவரில் எறிந்தாலும் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்று நானே பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதுவும் அப்போது ஞாபகம் வரவில்லை. அவர் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நண்பன் டிஸ்க்குகளைத் தன்னிடம் அனுப்பிவிடச் சொன்னான். கம்பெனிக்கு அனுப்பிப் புதிது வாங்கித் தருகிறேன் என்றான். ஆனால் எனக்கு வேண்டியது உள்ளே இருந்த கல்யாணம். கோவையில் காந்திபுரம் பக்கம் ஒரு பெண் கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து பதிவுகளை எடுத்துக் கொடுக்கிறார் என்று இன்னொரு ஸ்டுடியோக்காரர் சொல்ல, இரண்டையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டார். போனில் விவரம் சொல்லவில்லை. "நேர்ல வாங்ண்ணா" என்றார்.

போனதும் ஒரு டிஸ்க்கை எடுத்து, மேலே ஒட்டியிருந்த லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பிக் காட்டினார். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. நிறமும் வேறு, நம்பரும் வேறு.

"ரெண்டுமே புது டிஸ்க் இல்லீங்ண்ணா. சிசிடிவி கேமராவுக்குப் போடற டிஸ்க். வருசக்கணக்கா ராத்திரி பகலா ஓடித் தேஞ்சு போனது. பழைய வண்டிக்கு மீட்டரத் திருப்பி வெப்பாங்கல்லங்ண்ணா, அப்படித் திருப்பி வெச்சிருக்காங்க. ஆனா உள்ள இன்னொரு எடத்துல கணக்கு அப்படியே இருக்குது."

"கூரியர்ல கீழ விழுந்ததுன்னு சொன்னாங்களே?"

"விழுந்த அடையாளம் ஒண்ணுமே இல்லீங்ண்ணா."

ஒரு டிஸ்க் முழுக்கப் போய்விட்டது என்றார். பீரோவில் இருந்ததிலிருந்து பாதிக்கு மேல் எடுத்திருந்தார். "உங்க வீடியோ கூட பழைய கேமரா பதிவும் கொஞ்சம் வந்திருக்குதுங்ண்ணா. உங்களுக்குத் தெரிஞ்ச எடமான்னு பாருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

ஒரு கடையின் கவுண்டர், மேலே இருந்து எடுத்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் நண்பனின் கடை. துண்டு துண்டாக ஓடியது. ஒரு துண்டில் ஸ்டூலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான், இடது கையில் மாவுக்கட்டோடு. அது நான்தான். பைக்கில் விழுந்து கையை உடைத்துக்கொண்டு நாலு வருடம் ஆகியிருந்தது. நண்பன் எனக்கு டீயை ஆற்றிக் கொடுக்கிறான். பிறகு ஒரு டிஸ்க்கை எடுத்து பபுள் ஷீட் சுற்றுகிறான். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டுகிறான். சத்தம் இல்லாமல் எல்லாம் நடந்தது. அவன் ஏதோ சொல்ல நான் சிரிக்கிறேன்.

தன் கடையின் கேமராவில் ஓடித் தேய்ந்து எப்போதோ கழற்றிப் போட்ட டிஸ்க்கைத்தான் எனக்குப் புதிது என்று அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அங்கிருந்து நேராக அவன் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "சொல்லாம கொள்ளாம வந்திருக்கற? உக்காரு மாப்ள" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. டிஸ்க்கை மேஜை மேல் வைத்தேன். பாதி உரிந்த லேபிளைப் பார்த்தான்.

"வாங்கற எடத்துலயே கலந்து வுட்டர்றாங்க மாப்ள. நானும் ஏமாந்துட்டேன்."

"இதுக்குள்ள உன் கடை இருக்குது. நானும் இருக்கறேன்" என்றேன்.

அவன் கையிலிருந்த பேனாவை மூடினான், திறந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டுப் பேசினான்.

"நீ அவசரம்ன. கடைல சரக்கு இல்ல. இல்லைன்னா வேற பக்கம் போயிருவ. ரெண்டு வருசமாவது ஓடும்னு நெனச்சேன்."

"லேபிள் ஒட்டி வெச்சிருக்கறயே, அதுவும் எனக்காக அன்னைக்குத்தான் அச்சடிச்சயா?"

அவன் டிஸ்க்கை லேபிள் தெரியாமல் கவிழ்த்து வைத்தான்.

"கூரியர்க்காரன் மேல எதுக்குப் போட்ட?"

"வாயில வந்துருச்சு மாப்ள" என்றான். பிறகு உள்ளே போய் இரண்டு டிஸ்க் எடுத்து வந்தான். பெட்டி பிரிக்காதது. "இத எடுத்துட்டுப் போ" என்று நீட்டினான். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

தாராபுரத்துக்கு நானே போய்ச் சொன்னேன். பெண்ணின் அப்பா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்து கேட்டார்கள். முகூர்த்தம் இருக்கிறது, தாரை வார்த்தது இருக்கிறது, இணைச்சீர் மட்டும் வரவில்லை என்றேன். நண்பனைப் பற்றி ஆரம்பித்தபோது அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவரை எங்களுக்குத் தெரியாதுங்க. நாங்க உங்களை நம்பித்தானுங்க குடுத்தோம்."

அவன் கடையில் நான் சொல்லாமல் விழுங்கிவிட்டு வந்த வார்த்தையை அவர் என்னிடம் சொல்லிவிட்டார். மீதி இருந்ததை எடிட் செய்து, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் திரையில் தன் அப்பா வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

கூரியர்க்காரரைப் பார்க்கப் போக எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம். பொள்ளாச்சி ஆபீஸில் அவர் இல்லை. என் புகாருக்குப் பிறகு மதுக்கரைக்கு மாற்றிவிட்டார்களாம். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாராம்.

மதுக்கரையில் அவர் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன். தப்பு என் பேரில்தான் என்றும் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றும் எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"தேதி போடலீங்களே" என்றார்.

வாங்கித் தேதி போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். "வேலை கெடக்குதுங்க" என்றார். பிறகு அடுத்த மூட்டையைத் தராசில் தூக்கி வைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு நானும் பெட்டியப் பத்தி ஒண்ணு சொன்னேனுங்க. நீங்க காதுல வாங்குல."

ஆமாம் என்றேன். அவர் எடையை நோட்டில் எழுதினார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு, பொள்ளாச்சி பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.